அடிக்காத பெனால்டி

இத்தாலியக் கால்பந்து ஆட்டக்காரர் ரொபெர்ட்டோ பாஜியோ பற்றிப் பேச்செடுத்தால் பலர் வாயில் முதலில் வரும் சொல் 'பாவம்'. 1994 ஜூலை 17, அமெரிக்காவில் பசடேனாவின் ரோஸ் பவுல் மைதானம், இத்தாலிக்கும் பிரேசிலுக்கும் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். நம் கடிகாரத்தில் நள்ளிரவு ஒரு மணிக்குத் தொடங்கிய ஆட்டம். பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே போய்விட்டது, இடுப்பில் கை வைத்துத் தலை குனிந்து ஒருவர் நிற்கிறார், பின்னால் சின்னக் குடுமி தொங்குகிறது. அந்த ஒரு படம்தான் அவரை இத்தனை வருடம் வாழவைக்கிறது, தோற்றவன் மேல் உலகத்துக்கு எப்போதும் ஒரு இரக்கம் உண்டு என்று ஒரு விளக்கம் சொல்லப்படுகிறது. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் உதைக்கிறது.

அன்றைக்கு 120 நிமிடத்துக்குப் பிறகு நடந்த பெனால்டி மோதலில் இத்தாலி தவறவிட்டவை மூன்று. முதலாவதை அடித்தவர் கேப்டன் ஃபிராங்கோ பரேசி. ஜூன் 23 அன்று நார்வேயோடு ஆடும்போது முழங்காலில் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பு கிழிந்து, அறுவை சிகிச்சை செய்துகொண்டு, 24 நாளில் திரும்பி வந்து இறுதி ஆட்டத்தின் 120 நிமிடமும் பிரேசில் ஸ்ட்ரைக்கர் ரொமாரியோவைக் கட்டிப்போட்டவர். அவர் அடித்ததும் கம்பத்துக்கு மேலேதான் போனது. ஆட்டம் முடிந்ததும் குழந்தை மாதிரி அழுதார். நான்காவதாக வந்த மஸ்ஸாரோவின் உதையை பிரேசில் கோல்கீப்பர் தஃபாரெல் பிடித்துவிட்டார். பாஜியோவின் முறை வந்தபோது பிரேசில் 3-2 முன்னிலையில் இருந்தது. அவர் அதை உள்ளே போட்டிருந்தாலும் பிரேசிலுக்கு ஐந்தாவது உதை பாக்கி. இரக்கம்தான் அளவுகோல் என்றால் முதல் மாலை பரேசிக்கு விழுந்திருக்க வேண்டும்.

இன்னும் கொஞ்சம் பின்னால், முன்னால் போய்ப் பார்க்கலாம். 1990, 1994, 1998 என்று மூன்று உலகக் கோப்பைகளில் தொடர்ந்து பெனால்டியில்தான் இத்தாலி வெளியேறியது. 1990இல் நேப்பிள்ஸில் அர்ஜென்டினாவிடம் தவறவிட்டவர்கள் டோனடோனியும் செரெனாவும். 1998இல் பிரான்சிடம் ஆல்பெர்டினியும் டி பியாஜியோவும். அந்த இரண்டு தடவையும் பாஜியோ போய் நின்றார், இரண்டையும் உள்ளே போட்டார். மூன்று பெனால்டி மோதலில் இரண்டு கோல், ஒரு தவறு. டோனடோனியை யாராவது பாவம் என்கிறார்களா? டி பியாஜியோவின் உதை கம்பத்தில் பட்டுத் திரும்பியதுதான் ஆட்டத்தையே முடித்துவைத்தது. அவர் முகம் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

பதக்கக் கணக்கும் இதே கதைதான். ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் டி'ஓர் விருது வாங்கிய, இத்தாலியிலேயே பிறந்த ஆட்டக்காரர்கள் நான்கு பேர்: ரிவேரா 1969, பாவ்லோ ரோஸ்ஸி 1982, பாஜியோ 1993, கன்னவாரோ 2006. ரோஸ்ஸி ஆறு கோல் போட்டு உலகக் கோப்பையையே வாங்கித் தந்தவர். கன்னவாரோ கேப்டனாக நின்று கோப்பையைத் தூக்கியவர். பாஜியோவிடம் உலகக் கோப்பை இல்லை. ஐரோப்பியச் சாம்பியன் பட்டமும் இல்லை. இரண்டு லீக் பட்டம், ஒரு இத்தாலியக் கோப்பை, ஒரு யூஏஃபா கோப்பை, பெட்டியில் மொத்தச் சரக்கே அவ்வளவுதான். ஆனாலும் இத்தாலியில் எந்த ஊர்க் காபிக் கடையில் அவர் பெயரைச் சொன்னாலும் சண்டை வராது. கன்னவாரோ பெயரைச் சொன்னால் வரலாம்.

எனக்குத் தெரிந்து இதற்கான பதில் பசடேனாவில் இல்லை. அங்கே தவறவிட்ட பெனால்டியைவிட, மூன்று வருடம் முன்பு ஃப்ளோரன்ஸில் அடிக்கவே மாட்டேன் என்று விட்ட பெனால்டிதான் அதிகம் சொல்கிறது.

மணிக்கூண்டின் நிழல்

இத்தாலிய மொழியில் ஊர்ப்பற்றைக் குறிக்கும் சொல்லே தேவாலய மணிக்கூண்டிலிருந்து வந்தது. தன் ஊர் மணிச் சத்தம் கேட்கும் தூரம்தான் தன் உலகம் என்பது போல. கால்பந்தில் இது இன்னும் கறார். டோட்டி ரோமாவுக்கு மட்டும் ஆடி 250 லீக் கோல் போட்டார். 2017இல் அவர் விடைபெற்றபோது மைதானமே கண்ணீரில் மிதந்தது. ஆனால் அதே ஊரின் லாட்சியோ ரசிகனுக்கு அவர் பரம எதிரி. டெல் பியரோ யுவென்டஸோடு இரண்டாம் பிரிவுக்கே இறங்கிப்போய் 20 கோல் போட்டு அணியை மேலே கொண்டுவந்தவர். அந்த விசுவாசத்துக்கு டூரினில் கோயில் கட்டாத குறை. ஃப்ளோரன்ஸில் அதே பெயருக்கு விசில். (இத்தாலியில் விசில் என்றால் வசவு. நம் தியேட்டர் விசிலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இவர்கள் எல்லாம் ஒரு ஊரின் சொத்து. ஒரு ஊர் முழுமையாக நேசித்தால் அடுத்த ஊர் அதே அளவுக்கு வெறுக்கும்.

பாஜியோ ஆடிய கிளப்புகளை வரிசையாகச் சொன்னால் துரோகிகள் பட்டியலில் முதல் பெயராக இருக்கவேண்டிய ஆள்: விசென்சா, ஃபியோரென்டினா, யுவென்டஸ், மிலான், போலோன்யா, இன்டர், ப்ரெஷா. ஒருவரையொருவர் கண்டால் ஆகாத யுவென்டஸ், மிலான், இன்டர் என்ற மூன்று பெரிய கிளப்புகளின் சட்டையையும் போட்டவர். இந்த ஊர் வழக்கப்படி ஏழு ஊரும் அவரைத் திட்டியிருக்க வேண்டும். நடந்தது நேர் எதிர். அது ஏன் என்பதற்குத்தான் ஃப்ளோரன்ஸுக்குப் போகவேண்டும்.

1991 ஏப்ரல் 6

ஃப்ளோரன்ஸின் கிளப்பான ஃபியோரென்டினாவுக்கும் அவருக்கும் இருந்தது சம்பளக் கணக்கு மட்டும் இல்லை. 1985 மே 5, விசென்சாவுக்காக ரிமினியோடு ஆடிய ஆட்டத்தில் 18 வயதுப் பையனின் வலது முழங்கால் தசைநார் அறுந்தது. ஃபியோரென்டினா அவரை வாங்கப் பேசி முடித்திருந்த நேரம். அன்றைய மருத்துவத்தில் அந்தக் காயம் என்றால் ஆட்ட வாழ்க்கையே முடிந்தது என்றுதான் பலரும் நினைப்பார்கள். கிளப் நினைத்திருந்தால் பின்வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. அறுவை சிகிச்சையில் காலில் 220 தையல். முதல் சீசனில் லீக் ஆட்டம் ஒன்றுகூட இல்லை, இரண்டாவதில் ஐந்தே ஐந்து. ஊர் பொறுத்துக்கொண்டது. அந்தப் பொறுமைக்குப் பலன் கிடைக்கத் தொடங்கிய நேரத்தில், 1990 மே மாதம், 25 பில்லியன் லிரா என்ற அன்றைய உலக உச்சவிலைக்கு அவரை யுவென்டஸுக்கு விற்றார்கள். அதுவும் யூஏஃபா கோப்பை இறுதி ஆட்டத்தில் அதே யுவென்டஸிடம் தோற்ற இரண்டாம் நாள். ஃப்ளோரன்ஸ் தெருக்களில் கலவரம் வெடித்தது, ஐம்பது பேர்வரை காயம். உலகக் கோப்பைக்காக இத்தாலி அணி தங்கியிருந்த கொவெர்சியானோ முகாம் வாசலிலும் போய்க் கத்தினார்கள். யுவென்டஸின் அறிமுக நிகழ்ச்சியில் கழுத்தில் போட்ட கிளப் ஸ்கார்ஃபை பாஜியோ கழற்றி வைத்துவிட்டார். புகுந்த வீட்டில் முதல் நாளே மாலையைக் கழற்றிய மருமகள் கதைதான்.

அடுத்த வருடம் ஏப்ரல் 6. யுவென்டஸ் ஃப்ளோரன்ஸுக்கு ஆட வருகிறது. ஃபூஸெர் அடித்த ஃப்ரீ கிக்கில் ஃபியோரென்டினா 1-0 முன்னிலை. இரண்டாம் பாதியில் பெனால்டி பெட்டிக்குள் பாஜியோவையே தள்ளிவிடுகிறார்கள், நடுவர் பெனால்டி தருகிறார். அணியின் பெனால்டி ஆள் அவர்தான். பந்தை எடுக்கவில்லை. டி அகோஸ்டினி போய் அடிக்கிறார், கோல்கீப்பர் மரெஜ்ஜினி தடுத்துவிடுகிறார். கொஞ்ச நேரத்தில் பயிற்சியாளர் மைஃப்ரெடி பாஜியோவை வெளியே எடுக்கிறார். ஓரமாக நடந்து போகும்போது கூட்டத்திலிருந்து ஊதா நிற ஃபியோரென்டினா ஸ்கார்ஃப் ஒன்று விழுகிறது. குனிந்து எடுத்துக்கொள்கிறார். யுவென்டஸ் சட்டையோடு, கையில் எதிரணி ஸ்கார்ஃபோடு உள்ளே போகிறார். ஆட்டம் 1-0 என்றே முடிந்தது.

மரெஜ்ஜினிக்குத் தன் உதை அத்துப்படி, அதனால்தான் விட்டேன் என்பது பாஜியோ சொன்ன காரணம். இதில் தொழில் சார்ந்த உண்மை இருக்கிறது. பாஜியோவின் பெனால்டி வேகத்தை நம்பிய பெனால்டி இல்லை. ஓடிவரும்போதே கோல்கீப்பரின் எடை எந்தக் காலுக்குப் போகிறது என்று பார்த்து, அவர் சாய்ந்த பக்கத்துக்கு எதிர் மூலையில் உருட்டிவிடுவார். இந்த முறை வேலை செய்ய கோல்கீப்பர் முதலில் அசைய வேண்டும். பயிற்சியில் மாதக்கணக்காக அந்த உதைக்கு எதிரே நின்ற ஒருவர், அசையாமல் காத்திருக்கத் தெரிந்தவராக இருப்பார். ஆக, காரணம் பொய் இல்லை. முழுக் காரணமும் இல்லை என்பது அந்த ஸ்கார்ஃபைப் பார்த்த எல்லோருக்கும் தெரியும்.

என்னைக் கேட்டால் அன்றைக்கு அவர் அடித்திருக்க வேண்டும். சம்பளம் கொடுக்கும் கிளப், பின்தங்கியிருக்கும் ஆட்டம், தானே வாங்கிய பெனால்டி. யுவென்டஸ் அந்த சீசனில் ஏழாம் இடத்துக்கு இறங்கி, ஐரோப்பியப் போட்டிகளுக்கே போக முடியாமல் நின்றது. மைஃப்ரெடி வேலையும் போனது. யுவென்டஸ் ரசிகர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது. அடுத்த நான்கு வருடம் அவர் எத்தனை கோல் போட்டும், பாலோன் டி'ஓரே வாங்கியும், அந்த நாளை அவர்கள் முழுதாக மறக்கவில்லை.

ஆனால் விளைவைப் பாருங்கள். பதிவுத் தாளில் கையெழுத்துப் போட்ட நிமிடமே பாசமும் கைமாறிவிடும் என்பது கால்பந்தின் எழுதாத சட்டம். புதுச் சட்டையின் சின்னத்தை முத்தமிடுவதெல்லாம் அதன் சடங்கு. ஒரு ஆள் எல்லோர் கண் முன்னாலும் 'அது என்னால் முடியாது' என்று நின்றார். அன்றே தெளிவாகிவிட்டது, இவரை எந்தக் கிளப்பும் முழுதாகச் சொந்தம் கொண்டாட முடியாது. சொந்தம் கொண்டாட ஆள் இல்லாத பொருளின் மேல் யாருக்கும் பொறாமை வருவதில்லை. மிலான் சட்டை போட்டபோது இன்டர்காரன் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை; இன்டருக்கு வந்தபோது மிலான்காரனும் துரோகம் என்று கூவவில்லை. இவர் விருந்தாளி என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பத்தாம் எண்ணுக்கு வீடில்லாத காலம்

இன்னொரு பக்கம், அவரை விருந்தாளியாகவே வைத்திருந்ததில் பயிற்சியாளர்களுக்கும் பங்கு உண்டு. பயிற்சியாளர் சாக்கி மிலானில் 1987 முதல் செய்துகாட்டிய 4-4-2தான் (தடுப்பில் நான்கு, நடுக்களத்தில் நான்கு, முன்னால் இரண்டு பேர்) அந்தக் காலத்தின் வேதம். தடுப்பு வரிசையின் கடைசி ஆளுக்கும் முன்னால் நிற்கும் ஸ்ட்ரைக்கருக்கும் இடையே 25 மீட்டர், அதற்குள் பத்துப் பேரும் ஒரே மூச்சில் நகரவேண்டும். நடுக்கள வரிசைக்கும் தடுப்பு வரிசைக்கும் இடையில் கிடக்கும் வெற்றிடம்தான் கோலுக்கு வழி உண்டாக்கும் பத்தாம் எண் ஆட்டக்காரனின் வீடு. சாக்கியின் முறை அந்த வீட்டையே இடித்துவிட்டது. பாஜியோவை பிளாட்டினி 'ஒன்பதரை' என்றார்: முழு ஸ்ட்ரைக்கரும் இல்லை, முழுப் பத்தும் இல்லை. 4-4-2 தாளில் அரைக்கு இடம் கிடையாது.

இதன் உச்சம் 1994 ஜூன் 23, நார்வே ஆட்டம். 21ஆம் நிமிடத்தில் கோல்கீப்பர் பல்யூக்காவுக்குச் சிவப்பு அட்டை. மாற்றுக் கோல்கீப்பரை இறக்க ஒருவர் வெளியே போகவேண்டும். அப்போது இத்தாலி அணியின் பயிற்சியாளராக இருந்த சாக்கி கை காட்டியது பாஜியோவை, உலகின் சிறந்த வீரர் விருதைக் கையில் வைத்திருந்தவரை. 'இவனுக்குப் பைத்தியம்' என்று பாஜியோவின் உதடு அசைந்தது கேமராவில் பதிந்தது. பத்துப் பேரோடு இத்தாலி 1-0 ஜெயித்தது என்பதால் சாக்கியைக் குறை சொல்லவும் வழியில்லை. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் கதை. நைஜீரியாவோடு 88ஆம் நிமிடத்தில் சமன், கூடுதல் நேரத்தில் பெனால்டியில் வெற்றி. ஸ்பெயினோடு மறுபடி 88ஆம் நிமிடம். பல்கேரியாவோடு நான்கு நிமிட இடைவெளியில் இரண்டு. அந்த மூன்று ஆட்டத்தில் இத்தாலி போட்ட ஆறு கோலில் ஐந்து அவருடையது. அதன் பிறகு, தொடைத் தசை இழுத்துக்கொண்ட காலோடு இறுதி ஆட்டம். கடைசி உதையில் அவர் போட்ட கணக்கை அவரே பின்னர் விளக்கினார்: தஃபாரெல் எப்படியும் ஒரு பக்கம் பாய்வார், எனவே நடுவில், காலுக்கு எட்டாத உயரத்தில் அடிப்பது. தஃபாரெல் பாய்ந்தார். கணக்குச் சரி. பந்துதான் ஏறிவிட்டது.

அதன்பின் பட்டியல் நீளம். யுவென்டஸில் லிப்பி இளம் டெல் பியரோ பக்கம் சாய்ந்தார். மிலானில் கப்பெல்லோ ஆட்டம் முடியுமுன் எடுத்துவிடுவார். 1997இல் பார்மாவுக்கு வரத் தயாராக இருந்தவரை அன்செலோட்டி வேண்டாம் என்றார், தன் 4-4-2 கலைந்துவிடும் என்று. அது தவறு என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். அந்த வருடம் குடுமியை வெட்டிவிட்டு போலோன்யாவுக்குப் போன பாஜியோ 22 லீக் கோல் போட்டார். அவருக்கு மேலே இருந்தவர்கள் பியெர்ஹாஃபும் ரொனால்டோவும் மட்டும். 2002 உலகக் கோப்பைக்கான 23 பேர் பட்டியலில் இத்தாலிப் பயிற்சியாளர் ட்ரபட்டோனி அவரைச் சேர்க்கவில்லை.

ஒவ்வொரு மறுப்பும் ஒரு கட்சியை உருவாக்கியது. டெல் பியரோவை கப்பெல்லோ பெஞ்சில் உட்காரவைத்தால் அது யுவென்டஸ் குடும்பச் சண்டை. இன்னொரு பத்தாம் எண் ஆளான ஸோலாவுக்கும் இதே வீடில்லாப் பிரச்சினைதான். பார்மாவில் ஓரத்தில் நிறுத்தப்பட்டு 1996இல் செல்சிக்குப் போனார், இத்தாலியில் அவரைப் பற்றிய வாதமும் அதோடு முடிந்தது, லண்டன் அவரைத் தத்தெடுத்துக்கொண்டது. பாஜியோ நாட்டை விட்டுப் போகவில்லை. போகாததால் பதினைந்து வருடம் அந்த வாதம் ஓயவில்லை. ஊருக்கு ஊர் காபிக் கடையில் பயிற்சியாளராக உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு இத்தாலியனும் அவருக்காக யாரோ ஒரு பயிற்சியாளரோடு சண்டை போட்டிருக்கிறான். வாதாடியவன் கட்சிக்காரனை விட்டுக்கொடுப்பதில்லை.

ப்ரெஷாவின் நாற்காலி

2000இல் 33 வயதில் ப்ரெஷாவுக்கு வந்தபோது அவரைக் கூப்பிட்ட பயிற்சியாளர் மட்சோனே மற்றவர்கள் செய்யாததைச் செய்தார்: முதலில் பாஜியோவுக்கு நாற்காலி போட்டுவிட்டு மற்ற சாமான்களைச் சுற்றி அடுக்கினார். 2001 ஜனவரியில் இன்டரிலிருந்து கடனாக வந்த பிர்லோவும் அப்போது பத்தாம் எண் ஆள்தான். அந்த இடம் காலியில்லை என்பதால் மட்சோனே அவரைத் தடுப்பு வரிசைக்கு முன்னால் பின்னுக்கு இறக்கினார். பிர்லோவை உலகம் கொண்டாடிய அந்த ஆழ்ந்த இடம் பாஜியோவின் நாற்காலி நிரம்பியிருந்ததால் பிறந்தது. ஏப்ரல் 1 அன்று டூரினில் யுவென்டஸுக்கு எதிராக இரண்டும் சேர்ந்து வேலை செய்தன. பிர்லோ நடுக்களத்திலிருந்து தூக்கி அனுப்பிய நீளப் பந்து தோளுக்கு மேலாக வந்து இறங்க, பாஜியோ அதை நிறுத்தவே இல்லை. விழும் பந்தை ஒரே தொடலில் வான் டெர் சாரைக் கடக்கவைத்து, அடுத்த தொடலில் காலி வலைக்குள் தள்ளினார். 86ஆம் நிமிடம், 1-1. அந்த சீசன் யுவென்டஸ் பட்டத்தைத் தவறவிட்டது இரண்டே புள்ளியில்: ரோமா 75, யுவென்டஸ் 73. இழந்த இரண்டு புள்ளியைக் கணக்குப் பார்க்கும் டூரின்காரன்கூட அந்தக் கோலைத் திட்ட மாட்டான்.

முழங்கால் தொல்லை மட்டும் மாறவில்லை. ஃபியோரென்டினா காலத்துக் கோல்களில் அவர் பாதி மைதானம் ஓடி நான்கு பேரைத் தாண்டுவார். ப்ரெஷாவில் பெரும்பாலும் இரண்டு தொடல், ஒரு உதை. ஓட முடியாததை முன்கூட்டியே இடம் பிடித்துச் சரிக்கட்டினார். 2002 ஜனவரி 31 அன்று இடது முழங்கால் தசைநார் அறுந்தது. அந்தக் காயத்துக்கு ஆறு மாதமாவது வேண்டும். அறுவை சிகிச்சை முடிந்து சுமார் பதினோரு வாரத்தில், ஏப்ரல் 21, மாற்று ஆட்டக்காரராக இறங்கி இரண்டு கோல் போட்டார். எதிரணி ஃபியோரென்டினா. அந்த வருடம் அவர்கள் இரண்டாம் பிரிவுக்கு இறங்கி, கோடையில் திவாலானார்கள்.

கடைசி ஆட்டம் 2004 மே 16, மிலானின் சான் சீரோ மைதானம். அன்று மிலான் லீக் பட்டத்தைக் கொண்டாடிக்கொண்டிருந்த நாள், ப்ரெஷா 4-2 தோற்றது. ஆட்டம் முடியச் சில நிமிடம் இருக்கும்போது அவரை வெளியே அழைத்தார்கள். மிலான் கேப்டன் மால்டினி நடந்து வந்து கட்டிப்பிடித்தார். மொத்த மைதானமும் எழுந்து நின்றது, எதிரணி ஆட்டக்காரனுக்காக. ப்ரெஷா பத்தாம் எண் சட்டையை யாருக்கும் தருவதில்லை என்று எடுத்துவைத்தது. அடுத்த சீசனே இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது.

ஐந்து வருடம் கழித்து, 2009 மே 24, அதே சான் சீரோவில் மால்டினியின் கடைசி உள்ளூர் ஆட்டம். இருபத்தைந்து வருடம் ஒரே சட்டை, ஐந்து ஐரோப்பியக் கோப்பை. சொந்த அணியின் தீவிர ரசிகர்கள் நிற்கும் தெற்கு மேடையிலிருந்து அவருக்கு விசில் வந்தது. 'கேப்டன் ஒருவரே, பரேசி' என்று கோஷம் போட்டார்கள். ஒரு வாரம் கழித்து வெளியூரில் அவருடைய கடைசி ஆட்டம். அங்கே எதிரணி ரசிகர்கள் எழுந்து நின்று கை தட்டி அனுப்பினார்கள். பாஜியோ பெனால்டியை விட்டுவிட்டு ஸ்கார்ஃபைக் குனிந்து எடுத்த அதே ஃப்ளோரன்ஸ் மைதானம்தான் அது.